வண்டி சறுக்கும்போது உங்க வலது கால் என்ன செய்யும் தெரியுமா?

இது கொஞ்சம் நீளமான இழை. வண்டி ஓட்டுறவங்க, பக்கத்து சீட்ல உட்கார்றவங்க, பின்னாடி தூங்கிட்டே வர்றவங்க எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதறேன். மழை ஆரம்பிக்கறதுக்குள்ள எழுதிடணும்னு நினைச்சேன். ஆரம்பிச்சிடுச்சு.

நான் வேலை செய்யறது நான்குவழிச் சாலையை ஒட்டிய ஒரு அரசு மருத்துவமனை. விபத்தில் அடிபட்டு யார் வந்தாலும் கேஷுவாலிட்டியில் ஏ.ஆர். போடுவோம், அதாவது ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர். எப்போது, எங்கே, எப்படி அடிபட்டது என்று அதில் எழுத வேண்டும். "ஓட்டி வந்த கார் சறுக்கி" என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கு இல்லை.

மறுநாள் பேப்பரில் அதே விபத்து "கட்டுப்பாட்டை இழந்த கார் தடுப்புச் சுவரில் மோதியது" என்று வரும்.

இந்த வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். கார் கட்டுப்பாட்டை இழந்ததாம். காருக்கு ஏதுங்க கட்டுப்பாடு? அது கோபத்துல இருந்துச்சா, குடிச்சிருந்துச்சா? ரோட்டுக்கும் டயருக்கும் நடுவில் இருந்த பிடி போச்சு. அதுக்கு அப்புறம் வந்த ஒன்றரை, இரண்டு நொடியில் உள்ளே இருந்த ஒரு மனுஷன் சில காரியங்களைச் செஞ்சார். அது என்ன காரியம், ஏன் செஞ்சார்னு யாரும் கேக்கறதே இல்லை.

ஒருத்தர் கேட்டார். அதைச் சொல்லிட்டு விஷயத்துக்கு வர்றேன். அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கல்யாண வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பின குடும்பம். காரில் ஐந்து பேர். கோடை முடிஞ்சு முதல் மழை. ஓட்டினது மூத்த பையன், முப்பது வயசு இருக்கும். அவருக்கு வலது கணுக்கால் நொறுங்கியிருந்தது, வலது கை கட்டைவிரலும் முறிவு. பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த அம்மா வரும்போதே உயிரோடு இல்லை.

அப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "பத்து வருஷமா ஓட்டுறான் டாக்டர். ஒரு கீறல் விழுந்தது கிடையாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பையன் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி, "பிரேக்கை விடவே இல்ல சார். ஸ்டியரிங்கை ஃபுல்லா ஒடிச்சேன் சார். நான் என்ன சார் தப்பு பண்ணேன்?" என்று கேட்டார்.

அன்னிக்கு நான் பதில் சொல்லல. சொல்லவும் முடியாது. காலுக்குக் கட்டு போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணி 108ல் ஏத்தி அனுப்பிட்டேன். பதில் எனக்குத் தெரியும் என்பதுதான் இத்தனை நாளாகத் தொண்டையில் நிக்குது. அதனால் உங்களிடம் சொல்றேன்.

அவர் செஞ்ச ரெண்டுமே தப்பு. ஆனால் அது அவரோட தப்பு இல்லை. அவர் இடத்தில் நீங்க இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பீங்க. நானும் அதைத்தான் செஞ்சேன். அந்தக் கதை பின்னால் வரும்.

முதல்ல உடம்பு என்ன செய்யுதுன்னு பார்ப்போம். எதிர்பாராத அதிர்ச்சி வந்தால் மூளைத்தண்டிலிருந்து ஒரு உத்தரவு கிளம்பும். யோசிக்கிற பகுதிக்குத் தகவல் போய்ச் சேரும் முன்னாடியே கண் சிமிட்டும், தோள் ஏறும், கை எதைப் பிடிச்சிருக்கோ அதை இறுக்கும், கால் விறைக்கும். மரத்திலிருந்து விழப் போற குரங்கு கிளையைக் கவ்விப் பிடிக்கறதுக்கு இது ரொம்ப நல்ல ஏற்பாடு. காரில் அந்தக் கைக்குள்ளே இருப்பது கிளை இல்லை, ஸ்டியரிங். விறைக்கிற காலுக்கு அடியில் இருப்பது பிரேக்.

அந்தக் கணுக்கால் ஏன் நொறுங்கியது? மோதின நொடியிலும் அவர் பிரேக்கை முழு பலத்தோடு மிதிச்சுக்கிட்டு இருந்தார். முதல் உலகப்போர் காலத்து விமானிகளுக்குக் கணுக்காலில் உள்ள தாலஸ் என்ற எலும்பு இதே மாதிரி உடையும், விமானம் விழும்போது அவங்க கால் கட்டையை மிதிச்சபடி இருப்பாங்க. அந்த முறிவுக்கே விமானி எலும்பு முறிவு என்று எங்க படிப்பில் பேர் உண்டு. நூறு வருஷம் ஆச்சு, விமானம் போய் கார் வந்தது, கால் மட்டும் மாறவே இல்லை.

இப்ப ரோட்டுக்கு வருவோம்.

உங்க காரின் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய உள்ளங்கை அளவுதான். நாலு உள்ளங்கை. ஒரு டன் எடையுள்ள வண்டி அந்த நாலு உள்ளங்கையை நம்பித்தான் ஓடுது. அந்தப் பிடிக்கு ஒரு எல்லை உண்டு. வேகம் குறைக்கவும் வண்டியைத் திருப்பவும் அதே பிடியில் இருந்துதான் எடுத்தாகணும். முழுசையும் பிரேக்குக்கே செலவு பண்ணிட்டால் திருப்பறதுக்கு மிச்சம் எதுவும் இருக்காது. சக்கரம் பூட்டிக்கிட்டு இழுபடும்போது ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிச்சாலும் வண்டி போன திசையிலேயேதான் போகும்.

அடுத்து நடக்கறதுதான் ஆளைக் கொல்லும். ஒடிச்சும் திரும்பலையேன்னு இன்னும் ஒடிப்போம். முழுசா ஒடிச்சு வெச்ச நிலையில் திடீர்னு டயருக்குப் பிடி கிடைச்சிடும். உடனே வண்டி நீங்க ஒடிச்ச பக்கமா எகிறும். பதறிப்போய் எதிர்ப்பக்கம் ஒடிப்போம். இரண்டாவது ஆட்டம் முதல் ஆட்டத்தை விடப் பெருசா இருக்கும். மீடியனைத் தாண்டி எதிர் ரோட்டில் போய் விழுந்த கார்களில் பல இப்படிப் போனவைதான். முதல் சறுக்கல்ல தப்பிச்சு, திருத்தினதுல மாட்டினவங்க.

மூணாவது கண். எதைப் பார்த்துப் பயப்படறோமோ அதிலேயே கண் ஒட்டிக்கும். கண் போற பக்கம் கை போகும். காலி ரோட்டில் ஒத்தைப் புளியமரம் நிக்கும், வண்டி சரியா அதில் போய் இடிச்சிருக்கும். ஊரில் அந்த மரத்துக்கு ஒரு கதை இருக்கும், காத்து கருப்பு இழுத்துச்சுன்னு. இழுத்தது உங்க கண்.

அப்ப என்னதான் செய்யணும்? கேக்கும்போது ரொம்ப சாதாரணமா இருக்கும்.

ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுங்க. வண்டி எங்கே போகணுமோ அங்கே பாருங்க, மோதப் போற இடத்தைப் பார்க்காதீங்க. ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் பதமாத் திருப்புங்க. வளைவில் வண்டி திரும்பாம நேரா போனால் முன்சக்கரம் சறுக்குதுன்னு அர்த்தம். அப்போ இன்னும் ஒடிக்கக் கூடாது, கொஞ்சம் தளர்த்தணும். வேகம் குறையும்போது முன்சக்கரம் தானே பிடிக்கும். பின்பக்கம் விலகி ஆடினால் பிரேக்கைத் தேடாதீங்க, ரோடு போற திசையைப் பார்த்து ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் கொண்டு வாங்க, பிடி கிடைச்சதும் உடனே நேராக்குங்க. தேங்கின தண்ணி மேல ஏறி ஸ்டியரிங் திடீர்னு லேசானால் டயர் ரோட்டில் இல்லை, தண்ணி மேல மிதக்குது. கையை ஆட்டாமல், காலை எடுத்துட்டுக் காத்திருக்கணும். அவ்வளவுதான். சும்மா இருப்பதுதான் அங்கே சரியான வேலை, மனுஷ உடம்புக்கு அதை விடக் கஷ்டமான வேலை கிடையாது.

முன்னாடி ஏதோ குறுக்கே வந்துடுச்சு, நின்னே ஆகணும் என்றால்? ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் முழு பலத்தோடு மிதிச்சு, அப்படியே பிடிச்சுக்கணும். மிதிச்சுக்கிட்டே திருப்பலாம், ஏ.பி.எஸ். இருப்பதே அதுக்குத்தான். இந்தியாவில் 2019 ஏப்ரலில் இருந்து விற்கிற கார்களில் அது கட்டாயம். ஆக உங்ககிட்ட அநேகமா இருக்கு. ஆனால் அது வேலை செய்யும்போது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?

எனக்குத் தெரியாது. நைட் டியூட்டி முடிச்சு ஒரு காலையில் வீட்டுக்குப் போயிட்டிருந்தேன். தூறல். கிராமத்து ரோடு, வளைவில் மணல். ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது. என் கால் எனக்கு முன்னாடி முடிவு பண்ணிடுச்சு. மிதிச்சேன். பெடல் கடகடன்னு அதிர்ந்து காலைத் திருப்பி உதைச்சது. ஏதோ உடைஞ்சிடுச்சுன்னு பயந்து காலை எடுத்துட்டேன். அந்த அதிர்வுதான் ஏ.பி.எஸ். என்னைக் காப்பாத்த வந்ததை நானே உதறிட்டேன். வண்டி முக்கால் சுத்து சுத்தி வயல்ல இறங்கி நின்னுச்சு. நெல் அறுத்து முடிஞ்ச வயல். பத்தடி முன்னாடி போயிருந்தால் கிணறு.

"நல்ல நேரம் தம்பி" என்றார் ஓடி வந்த பெரியவர். ஆட்டுக்குட்டிக்கும் ஒண்ணும் ஆகலை.

மறுநாள் அம்மா திருஷ்டி கழிக்கணும்னு நாலு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, சக்கரத்துக்கு அடியில் வைக்கச் சொன்னாங்க. வைக்கறதுக்காகக் குனிஞ்சேன். வண்டி வாங்கின இத்தனை வருஷத்தில் அன்னிக்குத்தான் முதல்முறையா என் டயரைப் பக்கத்தில் பார்த்தேன். பின் டயர் ரெண்டும் மொட்டை. பட்டனே இல்லை. முன்னாடி மட்டும் புதுசு. "புது டயர்னா முன்னாடிதான் சார் போடணும்" என்று கடையில் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். ரெண்டு டயர்தான் வாங்க முடியும்னா புதுசு பின்னாடி போகணும் என்பதுதான் டயர் தயாரிக்கிறவர்களே சொல்லும் விதி. முன்பக்கம் சறுக்கினால் வேகம் குறைஞ்சு ஓரளவு சமாளிக்கலாம். பின்பக்கம் சறுக்கினால் வண்டி சுத்தும்.

என் டிரைவிங் டெஸ்ட் நாலு நிமிஷம். காய்ஞ்ச தரை, நல்ல வெயில், இரண்டாவது கியரைத் தாண்டலை. ரிவர்ஸ் எடுத்தேன், கை சிக்னல் காட்டினேன், பாஸ். ஈரத்தில் பிரேக் பிடிச்சால் என்ன ஆகும்னு யாரும் கேக்கலை, காட்டவும் இல்லை.

இதை எங்க துறையோடு ஒப்பிட்டுப் பாருங்க. இதயம் நின்னு போன நோயாளிக்கு என்ன செய்யணும்னு எங்களுக்குப் புத்தகத்தில் மட்டும் சொல்லிக் கொடுப்பதில்லை. பொம்மையைப் போட்டு, நெஞ்சை அமுக்க வெச்சு, கை தன்னால போற வரைக்கும் பயிற்சி கொடுப்பாங்க. பதற்றத்தில் மூளை யோசிக்காதுன்னு மருத்துவம் ஒத்துக்கிட்டது. ரோட்டில் மட்டும், "நான் நல்லா ஓட்டுவேன்" என்ற ஒரே வாக்கியத்தை நம்பி எல்லாரையும் ஏத்தி விடறோம். பத்து வருஷம் கீறல் விழாமல் ஓட்டினவருக்கு, பத்து வருஷமா வண்டி சறுக்கினதே இல்லை. அந்த விஷயத்தில் அவர் அன்னிக்கு லைசென்ஸ் வாங்கின ஆளுதான்.

"அப்போ எல்லாருக்கும் சறுக்கலைச் சமாளிக்கிற பயிற்சி கொடுத்துடலாமே டாக்டர்?"

நானும் அப்படித்தான் நினைச்சேன். தேடிப் படிச்சப்ப மூக்கு உடைஞ்சது. நார்வேயில் புதுசா லைசென்ஸ் வாங்கினவர்களுக்கு வழுக்குத் தரையில் ஓட்டும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். 1988இல் வந்த ஆய்வில், அந்தப் பயிற்சிக்குப் பிறகு இளம் ஆண்களிடம் வழுக்கு ரோட்டு விபத்து கூடியிருந்தது. குறையலைங்க, கூடியிருந்தது. "எனக்குத்தான் சமாளிக்கத் தெரியுமே" என்று இன்னும் வேகமாகப் போயிருக்கான். அதன் பிறகு அந்தப் பகுதி நாடுகளில் பாடத்தையே மாத்தினாங்க. எப்படிச் சமாளிக்கிறது என்பதைக் குறைச்சு, எவ்வளவு சுலபமா கைமீறிப் போகும் என்பதை உணர வைக்கிற பயிற்சியானது.

என் கோரிக்கையும் அதுதான். லைசென்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரையும் ஒரே ஒரு தடவை ஈரத் தரையில், பாதுகாப்பான மைதானத்தில், 40 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்க வையுங்க. ஏ.பி.எஸ். பெடல் காலை உதைக்கறது எப்படி இருக்கும்னு காட்டுங்க. தன்னால முடியலைன்னு அவங்க பார்க்கட்டும். அந்தப் பயம் போதும். ரெண்டு மணி நேர வேலை, ஒரு தண்ணி லாரி. இதுக்குக்கூட வழியில்லையா?

2022இல் தமிழ்நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,884 பேர். ஒரு நாளைக்கு 49. எல்லாம் சறுக்கல் இல்லை, தெரியும். அடிபட்ட பிறகு நம்ம மாநிலம் நல்லாவே ஓடுது. 108 வருது. 2021 டிசம்பரில் தொடங்கின இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரத்துக்குப் பணம் கேக்காமல் வைத்தியம் பார்க்கிறோம், அந்தத் திட்டத்தில் பிழைச்சவர்களை என் கண்ணால் பார்த்திருக்கேன். மோதின பிறகு வர்ற 48 மணி நேரத்துக்கு இவ்வளவு யோசிச்சவங்க, மோதறதுக்கு முன்னாடி இருக்கிற ரெண்டு நொடிக்கு எதையும் யோசிக்கலையே என்பதுதான் என் ஆதங்கம்.

அரசாங்கத்தை மட்டும் திட்டிட்டுப் போக மாட்டேன். உங்களுக்கும் இருக்கு.

கார் வாங்கப் போனால் முதல் கேள்வி சன்ரூஃப் இருக்கா, ரெண்டாவது மைலேஜ் எவ்வளவு. ஈ.எஸ்.சி. இருக்கான்னு எத்தனை பேர் கேட்டிருக்கீங்க? எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல். வண்டி சறுக்க ஆரம்பிச்சதுமே கண்டுபிடிச்சு, எந்தச் சக்கரத்துக்கு பிரேக் தேவையோ அதுக்கு மட்டும் கொடுத்து நேராக்கும். உங்க மூளைத்தண்டு மாதிரி அது பதறாது. ஈ.எஸ்.சி. உள்ள கார்களில், வேறு வண்டி சம்பந்தப்படாமல் தானே போய் மோதிச் சாகிற விபத்துகள் ஏறக்குறைய பாதியாகக் குறையுதுன்னு அமெரிக்க ஆய்வுகள் சொல்லுது. அங்கே 2012 மாடலில் இருந்து எல்லா காருக்கும் கட்டாயம். நம்ம ஊர் ஷோரூமில் எந்த வேரியன்டில் இருக்கு, எதில் இல்லைன்னு கேட்டு வாங்குங்க. சன்ரூஃப் வழியா குழந்தையை நிக்க வெச்சு போட்டோ எடுக்கிறவங்களுக்கு தனி இழை எழுதறேன், அதில் மரியாதை இருக்காது.

மழைக்குக் காத்தைக் குறைச்சால் பிடி கூடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. நேர்மாறு. விமான டயர் தண்ணீரில் மிதக்கறதை ஆராய்ந்து நாசா 1963இல் ஒரு கணக்கு கொடுத்தது, தேங்கின தண்ணீரில் டயர் மிதக்கிற வேகம் உள்ளே இருக்கும் காத்தழுத்தத்தைப் பொறுத்தது. 30 பி.எஸ்.ஐ. என்றால் சுமார் 90 கிலோமீட்டர் வேகம். 25 என்றால் 83. காத்தைக் குறைக்கக் குறைக்க, குறைஞ்ச வேகத்திலேயே மிதப்பீங்க. பட்டன் நல்லா இருந்தால் தண்ணி அதன் வழியா வெளியே போகும். மொட்டை டயருக்கு அந்த வழி கிடையாது. டயரின் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்று குறி இருக்கும், அதுக்கு நேரா பள்ளத்துக்குள்ளே ஒரு சின்ன மேடு. பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாத் தேய்ஞ்சிருந்தால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர். காருக்குச் சட்டப்படி அதுதான் கடைசி. மழையில் அதுவும் போதாது என்பது என் கருத்து.

மழையில் க்ரூஸ் கன்ட்ரோல் வேண்டாம். பின் சீட்டில் பெல்ட் போடுங்க, மடியில் குழந்தை வேண்டாம். இதையெல்லாம் ஏற்கெனவே எழுதி அலுத்துட்டேன்.

ஆயுத பூஜைக்கு ரோட்டில் பூசணிக்காய் உடைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. உங்க வண்டிக்குத் திருஷ்டி கழிக்க, பின்னாடி வர்ற டூவீலர்காரரை விழ வைக்கிறீங்க. ஒவ்வொரு வருஷமும் அன்னிக்கு ராத்திரி முட்டி பேந்து, தாடை உடைஞ்சு, சட்டையெல்லாம் பூசணி விதையோடு வர்றவங்களுக்கு நாங்கதான் தையல் போடறோம். உடைச்சால் ஓரமா உடைங்க, உடைச்சதும் அள்ளுங்க. ரோட்டில் நெல் காயப்போடுற விவசாயிகிட்ட எனக்கு அந்தக் கோபம் வரலை. அவருக்குக் களம் கட்டித் தராதவங்க மேலதான் வருது.

முதல் மழையின் முதல் அரைமணி நேரத்துக்குத்தான் எனக்குப் பயம் அதிகம். மாசக்கணக்கா ரோட்டில் படிஞ்ச எண்ணெயும் டயர் தூளும் தண்ணியோடு கலந்து வழவழன்னு ஆயிடும். அந்த நேரத்தில் ஒரு டீக்கடையில் ஒதுங்கினால் ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. ஆக்டிங் டிரைவர் போட்டு வந்தால் அவருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "மெதுவா போலாம்ணே, அவசரம் இல்ல" என்று சொல்லுங்க. முதலாளிக்கு அவசரம்னு நினைச்சு மிதிக்கிறவர் அவர்.

கீழே கமென்ட்டில் என்ன வரும்னு தெரியும். "இருபது வருஷமா ஓட்டுறேன் டாக்டர், எனக்கு இதெல்லாம் ஆனதில்ல." சரிங்கண்ணே. ஒரு சின்ன வேலை. கீழே இறங்கிப் போய் உங்க டயரின் பக்கவாட்டைப் பாருங்க. டி.ஓ.டி. என்று ஆரம்பிக்கிற வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2316 என்றிருந்தால் 2016ஆம் வருஷத்தின் 23ஆவது வாரத்தில் செஞ்ச டயர். நாலு டயரையும் பாருங்க, ஸ்டெப்னியையும் சேர்த்து. பார்த்துட்டு வந்து அந்த நம்பரை கமென்ட்டில் போடுங்க, அப்புறம் உங்க இருபது வருஷத்தைப் பத்திப் பேசுவோம்.